திமிலும் திமியும்

குறுந்தொகைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, திமில் என்பது திமிங்கிலம் என்பதன் குறுக்கமா?" என்று வினாவினான். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. ஆயினும் அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு சொற்களுக்கு உறவு கற்பித்தல் கற்றோரிடத்தும் காணப்படும் பிழையாகும். யானும் பட்டத்தேர்வுக்குத் தனியே பயின்ற காலத்தில், இவ்விரு சொல்லும் ஒரு வேரின என்றே குறித்து வைத்திருந்தேன்.

முதற்கண் திமியை நோக்குவாம். இது வடசொல், கடல்வாழ் பெருமீனைக் குறிப்பது. அத்திமியையும் விழுங்கவல்லது திமிங்கிலம். அச்சொல்லின் பிற்பகுதி விழுங்குதலைச் சுட்டும். இலங்கையினின்று மீளும் இராமன் விமானத்திலிருந்து சீதைக்குக் கடலைக் காட்டும் பகுதி, காளிதாசரின் இரகுவமிசத்துப் பதின்மூன்றாஞ் சருக்கத்தில் உளது. ஆண்டுத் திமிகள் வாய்திறந்து நீரை உட்கொண்டு, தலையிலுள்ள துளைகளின் வழியே மேல்நோக்கி வீசுகின்றன. இவ்வியல்பு நாம் இன்று திமிங்கிலம் என வழங்கும் உயிரையே நினைப்பிக்கும். அது குட்டியீன்று பாலூட்டுவதாதலின், உயிர்நூலார் அதனை மீனினத்துட் சேர்ப்பதில்லை.

இனித் திமில் என்னுஞ் சொல்லை ஆராய்வாம். குறுந்தொகை 304ஆம் பாட்டிற் பரதவர் மூங்கிற் காம்பிற் செறித்த கூரிய உளியை எறிந்து கோட்டுமீனைத் தாக்குகின்றனர். அவர்க்குரியது திமில். ஒரே பாட்டில் எறியப்படும் மீன் வேறு, எறிவோரின் திமில் வேறு என்பது தெளிவு. புறநானூறு 60ஆம் பாட்டில், நடுக்கடலில் தோன்றும் திமிலின் விளக்கு வானத்துச் செம்மீனுக்கு உவமையாகின்றது. ஈண்டு மீன் என்றது விண்மீனை. விளக்கேற்றிச் செல்வது படகேயன்றி நீந்தும் உயிரன்று. வளைவைக் குறிக்கும் 'கொடு', வலிமையைக் குறிக்கும் 'திண்' என்னும் அடைகளைத் திமில் பெற்று வருதலும் நோக்கத்தக்கது. இவை மரத்தாற் செய்த கலத்துக்கு நன்கு பொருந்துவன.

எல்லாக் கலமும் திமிலெனப்படவில்லை. புறநானூறு 30ஆம் பாட்டிற் பாய் களையாது புகாரினுட் புகுவது பெருங்கலம் எனப்படுகின்றது. திமிலோ மீன்வேட்டைப் படகு.

காளையின் முதுகுப் புடைப்பைச் சங்கப் புலவர் இமில் என்றனர். பிற்காலத்தில் அதுவும் திமில் எனப்பட்டது. இன்று அப்பொருளே பலர்க்கும் தெரியும். நம் கடற்றொழிலாளர் வள்ளம், தோணி, கட்டுமரம் என்பரேயன்றித் திமில் என்பதில்லை. எனினும் ஈழத்திற் கடற்றொழிலோடு தொடர்புடைய திமிலர் என்னும் சமூகப் பெயர் வழங்குகின்றது. மட்டக்களப்பை அடுத்துத் திமிலதீவு என்னும் ஊரும் உண்டு.

ஆகவே, ஒரு சொல்லின் பொருளை அறியப் புகுவோர் அதன் ஓசையை மட்டும் கேட்டு அமைதல் கூடாது. அதனைக் கையாண்டோர் யாவர், அஃது எவ்வடை பெற்றது, எதற்கு உவமையாயிற்று என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும். திமிலைப் பெருமீனெனக் கொள்வார்க்கு அலைநடுவே ஒளிரும் விளக்கும் அதனால் விளங்கும் விண்மீனும் புலப்படா. பாட்டின் அழகே கெடும்.

மறுநாள் அம்மாணவனுக்கு இவற்றைக் கூறினேன். என் பழைய குறிப்பேட்டையும் கொணர்ந்து, அவன் காணவே அவ்வரியை அடித்துத் திருத்தினேன்.