பாலம் இல்லாத ஓவியம்

பழைய ஜப்பானிய இல்லங்களில் அறையைத் தடுக்க மடக்குத் திரைகளை நிறுத்துவர். பருவத்துக்குரிய மரமும் மலரும் பறவையும் அவற்றில் தீட்டப்பெறும். கியோட்டோ ஓவியர் ஒகாத்தா கோரின் (1658–1716) தீட்டிய இரட்டைத் திரை டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொன்றிலும் ஆறு மடிப்புகள். தங்க ரேக்கு ஒட்டிய பரப்பில் நீல மலர்களும் பச்சை இலைகளுமே உள்ளன. நீர் இல்லை, கரை இல்லை, மனிதரும் இல்லர்.

ஆயினும், அம்மலரைக் கண்டதும் ஜப்பானியர் பலர்க்கு ஒரு பழங்கதை நினைவுக்கு வரும். தலைநகரை நீங்கிக் கிழக்கே சென்ற சிலர், 'எட்டுப் பாலம்' என்னும் இடத்தில் சதுப்பு நிலத்தருகே உண்ண அமர்ந்தனர். அங்கே இம்மலர் பூத்திருந்தது. இதன் பெயர் காகிட்சுபதா. அப்பெயரின் ஐந்து எழுத்துகளும் ஐந்து அடிகளுக்கு முதலெழுத்தாகுமாறு ஒருவர் கவிதை புனைந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியை எண்ணிய கவிதை அது. கேட்டவர் அனைவரும் அழுதனர். கண்ணீர் விழுந்து, அவர்கள் கொண்டுவந்த உலர்த்திய சோறு ஊறிப்போயிற்றாம்! சற்று மிகைதான், எனினும் நம்பத் தோன்றுகிறது.

பின்னாளில் கோரின் இக்காட்சியை மீண்டும் தீட்டியபோது பாலத்தையும் சேர்த்தார். அவ்வோவியம் நியூயார்க்கில் உள்ளது. பாலமில்லாத திரைகளையோ, நெசு அருங்காட்சியகத்தார் பெரும்பாலும் தம் தோட்டத்துக் குளத்தில் இம்மலர் பூக்கும் நாள்களில்தான் காட்சிக்கு வைக்கின்றனர்.