பாடம் செய்த அணில்

சிறு விலங்கின் தோலை மயிரோடு உரித்துப் பாடம் செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உயிரோடு நிற்பது போலத் தோன்றும் காட்சி உருவம். திருச்சியில் ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் மக்கள் பார்ப்பது இதைத்தான். மற்றொன்று, பஞ்சு அடைத்து, கால்களை நீட்டிக் குப்புறக் கிடத்திய ஆய்வுத் தோல். இழுப்பறைகளுக்குள் கிடப்பதால் இது வெளியாட்கள் கண்ணில் படுவதில்லை. அறிவியலுக்கு அதிகம் உழைப்பது இந்த இரண்டாவது வகையே.

ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் ஓடித் திரியும் மூவரி அணிலை எடுத்துக்கொண்டால் வேலையின் நுட்பம் விளங்கும். தலையும் உடலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். வாலும் ஏறத்தாழ அதே நீளம். தோல் மெல்லியது. வட இந்தியாவில் பரவலாக இருக்கும் ஐவரி அணிலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது முதுகு வரிகள்தான். தோலை இழுத்து விரித்தோ சுருக்கியோ உலர்த்தினால் அந்த வரிகள் கோணிப்போகும்.

இந்த வேலைக்கு முதல் எதிரி திருச்சி வெயில். செத்த உடலில் வயிறுதான் முதலில் கெடும். அங்கே பச்சை பூத்துவிட்டால், விரல் பட்டாலே மயிர் கொத்தாகக் கையோடு வந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அதைப் பிடித்து நிறுத்தாது. உரிக்கத் தாமதமாகும் என்றால் உடலைக் குளிரில் வைத்தாக வேண்டும்.

கத்தியைத் தொடுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும்: மொத்த நீளம், வால், பின்பாதம், காது, எடை. உலர்ந்த தோல் சுருங்கிவிடும் என்பதால் இவற்றைப் பிறகு எடுக்க வழியில்லை. அடுத்து, மார்பெலும்புக்குக் கீழிருந்து மலவாய்க்குச் சற்று முன்வரை ஒரே நேர்க்கீறல். தோலை மட்டும் கீற வேண்டும். அடியிலுள்ள தசைச் சுவர் அறுந்தால் குடல் வெளியே வந்து மயிர் நாறிவிடும். ஈரத்தை உறிஞ்ச மரத்தூளைத் தூவிக்கொண்டே, விரல் நுனியால் தோலைத் தசையிலிருந்து பிரித்துச் செல்வார்கள். பின்கால்கள் முழங்காலில் துண்டிக்கப்படும்.

கை நடுங்கும் இடம் வால். அதை வெளியிலிருந்து பிடித்து இழுத்தால் தோல் கிழியும். வாலின் அடியில் தோலை இரு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எலும்பை நிதானமாக உருவ வேண்டும். சரியாக வந்தால் முழு எலும்பும் வழுக்கிக்கொண்டு வரும். வால்தோல் வெறும் குழலாக நிற்கும். அதன் பிறகு இறுக்கமான சட்டையைக் கழற்றுவது போல உட்புறம் வெளியே வரத் தோலைத் தலைவரை உரிக்கலாம். காதை மண்டையோட்டை ஒட்டியும், கண்ணிமையைக் கிழிக்காமலும், உதட்டை ஈறை ஒட்டியும் அறுத்துவந்தால் மூக்கு நுனியோடு தோல் தனியாகிவிடும்.

திருச்சியை அடுத்த செம்பட்டில் உள்ளது போன்ற தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கிவிடுவார்கள். பாடம் செய்பவருக்கோ மயிர்தான் சரக்கு. சுண்ணாம்பு கிட்டேயே வரக்கூடாது. மயிரோடு பதனிட உப்பும் படிகாரமும் பயன்படும். ஆய்வுத் தோலுக்கு, கொழுப்பை வழித்தபின் வெண்காரத்தூள் தடவினால் போதும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த பெக்கோர் என்பவர் பாஷாணம் கலந்த சோப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். பூச்சியிலிருந்து தோலைக் காத்த அந்த நஞ்சு பழைய மாதிரிகளில் இன்றும் தங்கியிருக்கிறது. அவற்றை வெறுங்கையால் தொடுவது ஆபத்து.

பிறகு உடலளவுக்குப் பஞ்சை உருட்டி உள்ளே நுழைத்து, வாலுக்கும் கால்களுக்கும் கம்பி கொடுத்து, வயிற்றைத் தைத்து, பலகையில் ஊசி குத்தி நிழலில் உலர்த்துவார்கள். மண்டையோடு தனியே சுத்தம் செய்யப்பட்டு அதே எண்ணோடு சேரும். காட்சி உருவத்துக்குப் பஞ்சு போதாது. தசையின் மேடுபள்ளம் செதுக்கிய உருவமும் கண்ணாடிக் கண்ணும் வேண்டும்.

கடைசியாகக் காலில் கட்டும் சீட்டில் இடம், நாள், பால், அளவுகள், சேகரித்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத தோல் ஆய்வுக்கு ஏறக்குறையப் பயனற்றது. ஒழுங்காகக் காத்த மாதிரியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்ற பெயரிலேயே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, புதிய பேரினம் என்று 1972இல் அறிவித்து, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தோலும் மண்டையோடும் ஒழுங்காகக் காக்கப்பட்டதால்தான் 24 ஆண்டு கழித்தும் அந்தத் தவறைத் திருத்த முடிந்தது. 1993வரை உலகம் அறிந்த ஒரே சான்று அந்த ஒற்றை மாதிரிதான்.

அதே 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, பட்டியலில் உள்ள விலங்கைத் தோலுக்காகப் பிடிப்பது குற்றம். செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. சாலையோரத்தில் கிடந்ததை வீட்டுக்கு எடுத்துவந்து பாடம் செய்ய முடியாது. ஆய்வுக்கும் அருங்காட்சியகச் சேகரிப்புக்கும் முறையான அனுமதி பெற வேண்டும். தாத்தா காலத்திலிருந்து கூடத்தில் நிற்கும் பழைய உருவத்துக்கும் உரிமைச் சான்று தேவை.