வீடு திரும்பியதும் கேஸ் வாகனத்தை ஸ்டார்ட் செய்யும் முன்

நீங்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருந்த நாட்களில் உங்கள் வாகனம் மழையிலும் சேற்றிலும் நின்றிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு தோட்டங்களுக்குத் திரும்பும் பல குடும்பங்களுக்கு ஓட்டோவோ வேனோதான் வருமானம். வந்த அன்றே சாவியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். கேஸ் பூட்டிய வாகனத்தில் அதைச் செய்யாதீர்கள். முதலில் மூக்கு, பிறகு கண், கடைசியாகத்தான் சாவி.

வாகனக் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டும் காற்றை விடப் பாரமானவை. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவி, லயத்துக்கு முன்னால் உள்ள கானிலும் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். கானுக்குக் கீழே உள்ள வீட்டில் விறகு அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாகனத்தின் கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிட்டு, தரைக்குப் பக்கத்தில் குனிந்து மணந்து பாருங்கள். கேஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரிவதற்காகவே அழுகிய நாற்றம் சேர்க்கிறார்கள். சேற்று நாற்றத்தில் அது மறைந்துபோகலாம், தடிமன் பிடித்தவருக்குத் தெரியாமலும் போகலாம். இன்னொருவரையும் மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்றம் இருந்தால் சுவிட்ச், கைத்தொலைபேசி, பீடி எதுவும் அங்கே வேண்டாம். பெட்டரி வயரைக் கழற்றுவதும் வேண்டாம், அதிலும் பொறி பறக்கும். டேங்கில் உள்ள கை வால்வை எளிதில் எட்ட முடிந்தால் கடிகார முள் சுற்றும் திசையில் மூடுங்கள். பிள்ளைகளையும் அயல் வீட்டாரையும் மேட்டுப் பக்கமாக அழைத்துச் சென்று, தூரத்தில் நின்று 119 அல்லது 117க்கு அழையுங்கள். யாருக்காவது காயம் என்றால் 1990.

நாற்றம் இல்லை என்றால் டேங்கைப் பாருங்கள். கல் விழுந்து நசுங்கியிருக்கிறதா, பட்டி தளர்ந்து இடம் மாறியிருக்கிறதா, வால்வுப் பெட்டிக்குள் சேறு போயிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக் பார்க்கும் வரை வாகனத்தை எடுக்காதீர்கள். கேஸ் டேங்கைத் தட்டி நிமிர்த்துவதோ வெல்டிங் பிடிப்பதோ கூடவே கூடாது. மலிவாகச் செய்து தருகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். நன்றாக நுரைக்கும்படி கரைத்து, டேங்க் வால்வைத் திறந்து, பைப் மூட்டுகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. ஒரு விசயம் பலர் கவனிப்பதில்லை: இன்ஜின் ஓடாதபோது நடுவில் உள்ள மின்வால்வு மூடியிருக்கும், கேஸ் அதுவரைதான் வரும். அதற்கு அப்பால் உள்ள மூட்டுகளை இன்ஜின் ஓடும்போது மறுபடி தடவிப் பார்த்தால்தான் சோதனை முழுமையாகும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்கள் கையிலிருந்து பெட்டியை வாங்கிவிடுங்கள்.

இனி ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் பெற்றோலில். குளிர்ந்த இன்ஜினில் கேஸ் சரியாக ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேனோ 0 பாகைக்கு அருகில்தான் கொதிக்கும். நுவரெலியாவில் தை மாதம் கொழுந்தைக் கருக்கும் பனியில், பியூட்டேன் கூடிய கேஸ் டேங்கை விட்டு வரவே தயங்கும். கலவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2021இன் இறுதியில் வீட்டுச் சிலிண்டர் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது நாடே பேசியது இந்தக் கலவையைப் பற்றித்தான். பெற்றோலிலும் பிடிக்கவில்லை என்றால் குறை கேஸில் இல்லை. தாங்கிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், பெற்றோல் பழசாகியிருக்கலாம், பிளக் வயர் நனைந்திருக்கலாம். பிளக் பலவீனமாக இருந்தால் பெற்றோலில் ஓடும் வண்டிகூடக் கேஸில் திக்கும்; ஏர் பில்டர் பக்கம் பட்டென்று வெடிக்கும். கேஸ் கிட்டைக் குறை சொல்லிக் காசு செலவழிக்கும் முன் பிளக்கையும் வயரையும் காயவைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் குறை இன்னொன்று. பெற்றோலில் நன்றாக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் சில நிமிடத்தில் நின்றுவிடும். பொனட்டைத் திறந்தால் ஆவியாக்கியின் மேல் வெள்ளை உறைபனி பூத்திருக்கும். திரவக் கேஸ் ஆவியாகும்போது சூட்டை இழுக்கிறது. அந்தச் சூட்டைத் தருவது இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர். தண்ணீர் குறைந்தாலோ, குழாயில் காற்று அடைத்தாலோ, தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கினாலோ ஆவியாக்கி உறைந்துவிடும். வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரை நிரப்பி, ஆவியாக்கிக்குப் போகும் இரண்டு குழாயும் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் காற்று அடைத்திருக்கிறது. உறைந்ததை இளக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும், நெருப்பு வேண்டாம். காற்றால் குளிரும் இன்ஜின் உள்ள ஓட்டோவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கொழும்பில் டியூன் செய்த வண்டி ஹட்டனில் இழுக்காமல் கேஸைக் குடித்தால் அது பழுதல்ல. இங்கே கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே காற்று மெலிவு. அதே அளவு கேஸ் இங்கே அதிகம். அடிக்கடி ஓடும் உயரத்திலேயே டியூன் செய்யச் சொல்லுங்கள்.

டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கேட்காதீர்கள். குளிரில் நிரப்பிய திரவக் கேஸ், கினிகத்தேனை தாண்டி அவிசாவளை வெயிலுக்கு இறங்கும்போது விரியும். மீதி இடம் அதற்குத்தான். வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் பூட்டவும் வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரின் மேலிருந்து வருவது ஆவி, வாகனக் கிட் எதிர்பார்ப்பது திரவம். வளைவில் சிலிண்டர் சாய்ந்தால் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் சில நாட்களுக்கு இரவில் வாகனத்தை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், அடுப்புக்கும் கானுக்கும் தள்ளி, காற்றோட்டமான திறந்த இடத்தில் டேங்க் வால்வை மூடி நிறுத்துங்கள்.