காரணம் காட்டி எழுதும் பிள்ளை

மாலை வேளை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து நிறுக்கிறார்கள். ஈரக் கொழுந்தென்று கணக்கப்பிள்ளை எடையிற் சிறிது கழிக்கிறார். கூடையை இறக்கிய தாய் விடவில்லை. "ஐயா, காலை முதல் மழையில்லையே! கொழுந்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஈரம் எங்கே?" என்கிறாள்.

அவள் எழுதப் படிக்க அறியாதவள். ஆயினும் அவள் பேச்சிலே கோரிக்கை உண்டு, காரணம் உண்டு, கண்ணாற் காணத்தக்க சான்றும் உண்டு. பிறர் மனத்தை இணங்கச் செய்யும் கட்டுரைக்கு வேண்டிய உறுப்புகள் இவையே அன்றோ? ஆனால் அதே தாய், லயத்துக்குத் திரும்பியதும், "எனக்கென்ன தெரியும், வாத்தியாரைக் கேள்" என்று மகளிடம் ஒதுங்கிவிடுகிறாள். அவள் ஒதுங்கவேண்டியதில்லை.

மலையகம் இதனை முன்பே கண்டிருக்கிறது. 1931 ஆம் ஆண்டில் தொழிற்சங்கம் நிறுவிய கோ. நடேசய்யர், பத்திரிகையாலும் துண்டுப் பிரசுரங்களாலும் தோட்ட மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் அக்குறைகளைப் பாட்டாக்கித் தொழிலாளரிடையே பாடினார். எழுத்தறியாதோரும் செவிவழியே நியாயத்தை உணர்ந்தனர். வாதம் செவியிலே பிறந்து பின்னரே தாளுக்கு வருகிறது.

தாளுக்கு வரவேண்டிய அவசியமும் மலையகம் அறிந்ததே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மிகப் பலர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. சட்டத்தின் கடுமை பெரிது. எனினும், தன் வழக்கைத் தானே எழுதவல்லவன் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை என்பதை அக்காலம் உணர்த்திற்று.

வீட்டிலே இதனைப் பயிற்றுவது எவ்வாறு? ஓடையைக் கடந்து பள்ளி செல்லும் சிறுமியொருத்தி, பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுவதாகக் கொள்வோம். "பாலம் மிகவும் அவசியம், தயவுசெய்து கட்டித் தருக" என்று முடித்துவிடுகிறாள். தாய் அதனை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பிறகு வினவட்டும்: "ஏன் வேண்டும்? எத்தனை பிள்ளைகள் அவ்வழியே போகிறீர்கள்? சென்ற மழைக்காலத்திலே எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை?" சிறுமி தோழியரிடம் விசாரித்து எண்ணி வருவாள். "மிகவும் அவசியம்" என்ற சொல் போய், கணக்கு வந்து நிற்கும்.

இறுதியாக ஒரு வினா: "பணமில்லை என்று அவர்கள் சொன்னால்?" இதற்குத் தந்தை சபைத் தலைவராக நடிக்கலாம். மகள் சிந்திப்பாள், "பாலம் வரும்வரை கைப்பிடிக் கயிறாவது கட்டித் தருக" என்று எழுதுவாள். மறுப்பை முன்னரே எண்ணிப் பார்ப்பதே இக்கலையின் உயிர். சொல்வன்மைக்கென ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரும், கேட்போர் திறனறிந்து சொல்லுமாறும், வேறொரு சொல் வெல்லமுடியாத சொல்லைத் தேர்ந்து சொல்லுமாறும் பணிக்கிறார்.

ஒன்றை மறத்தலாகாது. பெற்றோர் தாமே வாக்கியங்களைச் சொல்லி எழுதச் செய்தால் கடிதம் பெற்றோருடையதாகிவிடும். வினா அவர்களுடையது, விடை பிள்ளையினுடையது. பிள்ளை வீட்டிலே தக்க காரணம் காட்டி ஒன்றைக் கேட்கும்போது, "எதிர்த்துப் பேசாதே" என்று வாயடைப்பதும் தகாது. பெற்றோர் முன் காரணம் சொல்லப் பழகிய பிள்ளையே நாளை அதிகாரியின் முன் அஞ்சாது எழுதும்.