படகுக்கு வங்கு... கிட்டாருக்கு பிரேஸ்!

பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால், கரையேற்றி வைத்திருக்கும் பழைய மரப்படகு ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். பக்கப் பலகைகளைத் தாங்கிக்கொண்டு, விலா எலும்புபோல வளைந்த சட்டங்கள் வரிசையாக இருக்கும். இவற்றுக்கு 'வங்கு' என்று பெயர்.

வங்குக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பது மரப்படகுத் தொழிலின் பழைய வழக்கம். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் பாதியில் அறுபட்டுவிடும். அலை மோதும்போது முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான்.

கிட்டாருக்குள்ளும் இதே கதைதான். வீட்டில் அகூஸ்டிக் கிட்டார் இருந்தால், செல்போன் டார்ச்சை வட்டத் துளைக்குள் அடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே காட்டிப் பாருங்கள். மேல் பலகையின் அடியில் மெல்லிய மரச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவைதான் 'பிரேஸ்'.

எதற்கு இவை? ஆறு ஸ்டீல் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். மேல் பலகையின் தடிமனோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பிரேஸ் இல்லாவிட்டால் பலகை நாளடைவில் உப்பி, குழிந்துவிடும்.

'அப்படியென்றால் தேக்கு போட்டால் ஆயுசுக்கும் நிற்குமே!' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பலகை அதிர்ந்தால்தான் ஒலி. கனமான பிரேஸ் அந்த அதிர்வை அமுக்கிவிடும். கிட்டார் உடையாது, பாடவும் பாடாது.

அதனால்தான் உலகம் முழுக்க ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேடுகிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் வளரும் ஊசியிலை மரம் இது. எடை தேக்கைவிட வெகுவாகக் குறைவு. ஆனால், எளிதில் வளையாது. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டங்களும் ஸ்ப்ரூஸ்தான். நம்மூர் ஈட்டி மரம் கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகப் புகழ் பெற்றது. பிரேஸுக்கு அது கனம்.

மேல் பலகையும் பிரேஸும் எவ்வளவு முக்கியம்? ஸ்பெயின் நாட்டு கிட்டார் கலைஞர் அன்டோனியோ டி டோரஸ், 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். மேல் பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்தார். ஒலியின் உயிர் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் அந்தச் சோதனை!

சரி, நல்ல பிரேஸ் கட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

* ரம்பத்தால் அறுப்பதைவிட, நார் போகும் வழியில் பிளந்து எடுத்த கட்டை சிறந்தது. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். வங்குக்குச் சொன்ன அதே விதி!

* கட்டையின் முனையைப் பாருங்கள். வளர்ச்சி வளையக் கோடுகள் மேல் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுவதே வழக்கம். முடிச்சு இருந்தால் வேண்டாம்.

* இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டுங்கள். 'டொக்' என்று அடங்கினால் ஒதுக்குங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் எடுங்கள்.

* நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கட்டை பிறகு சுருங்கும், ஒட்டு விடும். கடலோர ஊர்களில் இதில் கூடுதல் கவனம் தேவை.

* அகலத்தைவிட உயரம் முக்கியம். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு; உயரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு! அதனால்தான் பிரேஸ்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கின்றன.

கிட்டார் செய்யப் போவதில்லையா? வாங்கும்போதாவது பாருங்கள். பாலத்துக்குப் பின்னால் லேசான மேடு இருந்தால் பயமில்லை. துளையைச் சுற்றிக் குழிந்திருந்தாலோ, தட்டினால் உள்ளே 'கிர்ர்' என்று அதிர்ந்தாலோ பிரேஸ் ஒட்டு விட்டிருக்கலாம். எவ்வளவு பளபளத்தாலும், அந்த கிட்டாரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.