லொறிக்கு அடியிலும் கொஞ்சம் பாருங்கள்



போன மாதம் வழக்கு அலுவலாகப் புதுக்கடைக்குப் போன நாம், பக்கத்துப் பஞ்சிகாவத்தையில் கொழுந்து லொறிக்கு ஒரு 'குறொஸ்' வாங்கி வந்தோம். "பழசைக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார். அளவு மாறினால் பொருந்தாது. நல்லவேளை, கையில் இருந்தது. கிறீஸ் காணாமல் தேய்ந்தது அது.

கியர்பொக்ஸின் பலத்தைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவது புரொப்பலர் சாஃப்ட். பள்ளம் மேட்டில் அது மடங்கிக் கொடுக்க உதவும் மூட்டுத்தான் குறொஸ். அதன் 4 கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற உருளைகள் உண்டு. கிறீஸ் காய்ந்தால் துருப்பிடிக்கும்.

கிளம்பும்போது "டக்" சத்தம், ஓட்டத்தில் உதறல், கிண்ணத்தைச் சுற்றிச் செந்தூள் கண்டால் உடனே சொல்லுங்கள். ஏற்றத்தில் சாஃப்ட் முறிந்தால் கியர் வண்டியைப் பிடிக்காது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் சாஃப்டில்தான், அதுவும் போய்விடும். பின்னால் நம் ஆட்கள் இருப்பதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை:

1. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

2. நிப்பிளைத் துடைத்து, 4 கிண்ணங்களிலும் பழைய கிறீஸ் வெளியேறும்வரை அடியுங்கள். நீண்டு சுருங்கும் ஸ்பிளைனையும் விடாதீர்கள்.

3. நிப்பிள் இல்லாத குறொஸ் ஆட்டம் கண்டால் மாற்றத்தான் வேண்டும்.

4. கழற்றுமுன் அடையாளக் கோடு போடுங்கள். மாறிப் பூட்டினால் உதறும்.

மழைக்காலத்தில், சேற்றில் ஓடினால், இன்னும் அடிக்கடி அடியுங்கள். கொஞ்சம் கிறீஸ், பத்து நிமிட வேலை. மலைப்பாதையில் அதுதான் காவல்.