எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்

டீ வருவதற்குள் தொடங்கிவிடுகிறேன், கொஞ்சம் நீளமான கதை. திருவொற்றியூரில் இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்தான். அவற்றில் பல அசோக் லேலண்ட். ஆனால் எண்ணூரில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை லாரிக்காக வரவில்லை, கார் பூட்டுவதற்காக வந்தது.

1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய கம்பெனியின் பெயர் அசோக் மோட்டார்ஸ். அசோக் அவருடைய மகன். பர்மிங்காமை ஒட்டிய லாங்பிரிட்ஜ் ஆலையின் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பாகம் பாகமாகக் கப்பலேறி வந்தன. மீனவக் குப்பமாக இருந்த எண்ணூரில் அவற்றைப் பூட்டி, ஓடும் காராக வெளியே அனுப்பினார்கள். இது நடந்தது சில வருடங்கள்தான். 1950-இல் பிரிட்டனின் லாரி கம்பெனியான லேலண்டுடன் ஒப்பந்தம் ஆனது. 1953-இல், வெறுமனே பூட்டினால் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று வரி ஆணையம் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எண்ணூர் லாரியிலும் பஸ்ஸிலும் நிலைத்தது. 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது.

ஆஸ்டின் என்ன அவ்வளவு பெரிய காரா என்று கேட்கலாம். சென்னையில் பதிவான முதல் காரின் எண் எம்.சி.1. அது துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. எம்.சி.3 கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாரின் பிரெஞ்சுக் கார். அவர்தான் இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர். அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும் வீட்டு வாசலில் கார் நிற்பது பெரிய மனிதருக்கு அடையாளமாகத்தான் இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் மகாராஜா வீட்டில் நின்றது என்றால், டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் ஆஸ்டின் நின்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டில் பல வருடமாக நிற்கும் ஓர் ஏ-40-ஐக் காட்டி ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “சார், இதைப் புதுசு மாதிரி ஆக்கிடலாமா?”

“ஆக்கலாம் தம்பி. ஆக்காதீங்க” என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பல கோயில்களில் ஒருகாலத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கு போனது, கூடவே எழுத்தும் மழுங்கியது. பிறகு அரசே அதைத் தடை செய்தது. பழைய காரும் அந்தச் சுவர் மாதிரிதான். முழுக்கச் சுரண்டிப் புது பெயின்ட் அடித்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் எண்ணூரில் எந்தக் கை எந்த போல்ட்டை எப்படி முடுக்கியது என்பதும், முதலில் என்ன நிறம் இருந்தது என்பதும் குப்பைக்குப் போய்விடும். இருப்பதைக் காப்பது ஒரு வேலை. கெட்டதை மட்டும் அதே முறையில் சரிசெய்வது இன்னொரு வேலை. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக்குவது மூன்றாவது. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் முதல் இரண்டுக்குத்தான் முன்னுரிமை தருகிறது.

ஆனால் துருவை விட்டுவைக்கக் கூடாது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதில் உப்பு கரைந்தால் ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகமெடுக்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடற்காற்று அந்த உப்பை இலவசமாகக் கொண்டுவந்து பூசுகிறது. அதனால் முதலில் கதவின் அடிப்பகுதி, படிக்குக் கீழே உள்ள தகடு, டிக்கியின் தரை, மட்கார்டின் உட்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். விரலால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தகடு, ‘டப்’ என்றால் பட்டி. சந்தேகமாக இருந்தால் காந்தத்தை வையுங்கள், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. இற்றுப்போன அளவுக்கு மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். நல்ல டிங்கரிங் ஆள் கிடைப்பதுதான் இந்தக் காலத்தில் கஷ்டம். கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் பொறுமை வேண்டும். பழைய நிறம் வெயில் படாத இடத்தில் ஒளிந்திருக்கும்: டேஷ்போர்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, பானெட் முனையில் பறக்கிற ‘ஏ’ சின்னத்துக்கு அடியில். ஓரிடத்தில் மட்டும் நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், மரத்தின் வளையம் போல ஒவ்வொரு முறை அடித்த நிறமும் தெரியும். அந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

கதவுகளுக்கு நடுவே தூணிலிருந்து நீட்டிக்கொள்ளும் சின்னக் கை ஒன்று இருக்கிறதே, அதுதான் அந்தக் காலத்து இண்டிகேட்டர். ரயில் கைகாட்டி மாதிரி எழும்பி நிற்கும். பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மின்னும் விளக்கை வைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும்தான், வையுங்கள். கையைப் பிடுங்காதீர்கள்.

இன்ஜின் 1,200 சிசி, 40 குதிரைத்திறன். நம் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1,489 சிசி இன்ஜின் இதன் வடிவிலிருந்து வளர்ந்ததுதான், தம்பி முறை. அதனாலேயே “அம்பாசடர் இன்ஜினை வெச்சிடலாம் சார், ஸ்பேர் ஈஸியா கிடைக்கும்” என்று மெக்கானிக் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப்போன இன்ஜின்கள் பல அப்படியே இளகியிருக்கின்றன.

இன்னொன்று பெட்ரோல். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. நம் நாட்டில் 2000-இல் அது நின்றது. இப்போது கலக்கும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டரின் உள் பாகங்களையும் அரிக்கும். ஹோஸ், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இங்கே பழமை பார்த்தால் தீப்பிடிக்கும். வண்டியை நிறுத்திவைக்கும்போது டேங்கில் பழைய பெட்ரோலை விடாதீர்கள்.

சட்டமும் மாற்றாமல் காப்பதன் பக்கம்தான் நிற்கிறது. மத்திய அரசின் 2021 விதிப்படி, 50 வருடத்துக்கு மேலான சொந்த வண்டி விண்டேஜ் ஆகும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆக, இன்ஜினை மாற்றினால் வரலாறு போவதோடு இந்தப் பதிவும் சிக்கலாகும்.

வீட்டில் இப்படி ஒரு கார் இருந்தால், ஸ்பேனரைத் தொடும் முன் சேஸித் தகட்டையும் பெயின்டையும் சீட்டையும் படம் எடுங்கள். கழற்றிய எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல், பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம் கிழிந்திருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். எண்ணூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவின் அடையாள அட்டையோ, வாசலில் எடுத்த குரூப் போட்டோவோ யார் வீட்டிலாவது கிடந்தால், அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி அந்தக் காரோடு சேர்த்து வையுங்கள்.